நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு முகவரி

நூற்று நாற்பத்து மூன்று வாசகர்களையும் பதிந்து முடித்து ஜீவராணி நிமிர்ந்தபோது, கணினி "மொத்த வாசகர்: 1" என்று காட்டியது.

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட நூலகத்தில் அவள் தற்காலிக நூலகர். ஆறு வருடமாகத் தற்காலிகம். மின் சஞ்சிகைகளும் நாற்பது சீடி இறுவட்டுகளும் புதிதாக வந்திருந்தன. அவற்றை நிர்வகிக்க ஒரு மென்பொருளைத் தேர்ந்து, ஒவ்வொரு வாசகருக்கும் கடவுச்சொல் கொடுத்து, பட்டியலை நுவரெலியாத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கொழுந்துக் கூடைதான்.

மூன்று கம்பெனிக்காரர்கள் வந்து காட்டினார்கள். முதலாவது மென்பொருளுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். இரண்டாவது, கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். இங்கே தூறல் விழுந்தாலே கரண்ட் போகும். மூன்றாவது திறந்ததும் தமிழில் "வணக்கம்" போட்டது. அந்த ஒரு வணக்கத்துக்கு மயங்கிய புத்தியை ஜீவராணி இப்போது நொந்துகொண்டாள்.

கம்பெனிக்காரர் போனில் சிரித்தார். "எல்லாருக்கும் ஒரே அட்ரஸ் போட்டிருக்கீங்க மிஸ். சிஸ்டம் ஒரே ஆளுன்னு நெனைக்கும்."

"எல்லாருக்கும் ஒரே அட்ரஸ்தாங்க. கடுதாசி தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பேரைக் கூப்பிட்டுக் குடுப்பாங்க."

"வீட்டு நம்பர் போடுங்க."

"லயத்து வரிசை வீட்டுக்கு ஏதுங்க நம்பர்?"

ஆனாலும் வெண்கட்டியோடு போய் லயத்தில் ஒவ்வொரு காம்பரா அறைக் கதவிலும் நம்பர் எழுதிவிட்டு வந்தாள். மறுநாள் நூலக வாசலில் கூட்டம்.

"நம்பர் போட்ட காம்பராவுக்குத்தான் கவர்மெண்டு புது வீடு தருமாமே?" என்றாள் முன்னால் நின்ற காளியாயி. "என் மகன் கல்யாணம் கட்டிட்டான். அவனுக்குத் தனி நம்பர் போடுங்க தாயி."

"ஐயோ, இது படிக்கிறதுக்கு அக்கா!"

"படிக்கிறோம். மொதல்ல நம்பரைப் போடுங்க."

மத்தியானத்துக்குள் ஆளாளுக்கு வெண்கட்டி வாங்கி இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டார்கள். ஏழாம் நம்பரில் நான்கு குடும்பம். ஒரு கோழிக்கூடு முதலாம் நம்பர். தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து கத்தினார். எல்லா நம்பரையும் ஜீவராணியே ஈரத்துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுகை முட்டியது.

மறுபடி போன். "சரி மிஸ், அட்ரஸை விட்டுட்டுப் பேரை வச்சுப் பிரிக்கிற மாதிரி மாத்திட்டேன்."

இப்போது கணினி வேறு பாட்டுப் பாடியது: "ஜீவராணி, மேல் டிவிஷன்: மூவர். முதலாமவரை வைத்து மற்றவர்களை நீக்கவா?" சிவசாமிகள் நான்கு பேருக்கும் இதே கேள்வி.

"ஆம் போடுங்க மிஸ். அப்பத்தான் ஓடும். அப்புறமா சேர்த்துக்கலாம்."

முதலில் பதிந்திருந்தது கொழுந்தெடுக்கும் ஜீவராணியை. நூலகக்காரி தன்னைக் கடைசியில்தான் பதிந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" அழுத்தினாள். மென்பொருள் ஓடியது! கம்பெனிக்காரர் மறுபடி எதையாவது மாற்றுவதற்குள் பட்டியலை இறுவட்டில் ஏற்றி அன்றே நுவரெலியாவுக்கு அனுப்பினாள். அப்புறம் தினமும் தபாலுக்காகக் காத்திருந்தாள். கடிதம் வரவில்லை. வியாழக்கிழமை காலை, கொழுந்தெடுக்கும் ஜீவராணி கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு நுவரெலியா பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தாள். யார் வீட்டு விசேஷமோ என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, நுவரெலியாவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி தம்பிஐயா பரிசோதனைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கடவுச்சொல்லைப் போட்டதும் தேயிலைப் பூச்சிகள் பற்றிய சஞ்சிகை திறந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"நல்லாச் செய்திருக்கிறியள். வேற ஒரு இடத்திலயும் இது ஓடேல்லை."

ஜீவராணி ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்போ என்னோட நிரந்தரக் கடுதாசி எப்போ வரும் சேர்?"

"உங்கட கடிதமோ? மேல் டிவிஷன் ஜீவராணிக்கெண்டு நியமனக் கடிதம் போன கிழமையே போட்டாச்சு. நேற்று அவ வந்து கையெழுத்தும் வச்சிட்டா."

"நான் வரவே இல்லையே சேர்! நான்தான் ஜீவராணி!"

தம்பிஐயா கணினித் திரையை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார்.

"நீங்கள் அனுப்பின பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை உறுதிப்படுத்தினனாங்கள். அதில ஒரேயொரு ஜீவராணிதானே இருக்கிறா? நீங்கள் ஆர் பிள்ளை?"