சும்மா கிடக்கிற சக்கை

"வீணாப் போகுதே" என்ற இரண்டே சொல்லை முதலாக வைத்து உலகத்தைத் திருத்தக் கிளம்பிய ஓர் இனம் நம்மிடையே இருக்கிறது. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும் ஓசூர் மண்ணில் அது தனிச் செழிப்போடு வளர்கிறது. இங்குள்ள தொழிற்சாலைகள் அதற்குப் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் கொடுத்து, கேடயம் கொடுத்து, கடைசியில் விருப்ப ஓய்வும் கொடுத்து ஊருக்குள் அவிழ்த்துவிடுவதுதான் காரணம். தொழிற்சாலைக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை. சுற்றிலும் மதில் உண்டு.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. கல்யாணப் பந்தியில் எல்லாரும் தங்கள் இலையைப் பார்த்துச் சாப்பிட, இவர் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏ.சி. பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் வாளி வைத்து, மணிக்கு எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுவார். செருப்பு வந்த அட்டைப் பெட்டிகளை எறிய மனமில்லாமல் சேர்ப்பார். சேர்ந்த பெட்டிகளை வைக்க ஓர் அலமாரி வாங்குவார். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கண்டால் இவருக்குத் தொண்டையை அடைக்கும். சும்மா கிடக்கும் பொருளைக் கண்டாலோ கண்ணே கலங்கிவிடும்.

மூக்கண்டப்பள்ளி ராயப்பன் இந்த இனத்தின் நல்ல மாதிரி. வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர்; அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் 'கைசன்' பிரிவு. கைசன் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் பஸ்ஸை விட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், வேலையில் எங்கே என்ன வீணாகிறது என்று கண்டுபிடித்து, திருத்துவதற்கு முன்னால் ஒரு போட்டோ, திருத்திய பின்னால் ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் அட்டையில் ஒட்டி, 'பிஃபோர்', 'ஆஃப்டர்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவது. ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையையும் தலைக்கவசத்தையும் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. இந்தப் பழக்கத்தைக் கேட்டு வாங்க மறந்துவிட்டது.

முதலில் மாட்டியவர் மனைவி ஜெபசீலி. சமையலறையில் அவர் ஒரு நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி வீணாக நடக்கிறார் என்று ராயப்பன் கண்டுபிடித்து, அடுப்பையும் பாத்திர அலமாரியையும் பிரிட்ஜையும் இடம் மாற்றினார். அன்றிலிருந்து பிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கிறது.

"அந்த நடையாலதான் எனக்கு சுகர் ஏறாம இருந்துச்சு. அதையும் மிச்சம் புடிச்சிட்டீங்க" என்றார் ஜெபசீலி.

ராயப்பன் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அடுத்து, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தி அடிகளையெல்லாம் பொறுக்கி வந்து உருக்கி ஒரே பெரிய மெழுகுவர்த்தியாக வார்த்துக் கொண்டுபோய் ஏற்றினார். அது வெளிச்சம் தந்ததைவிடப் புகை அதிகம் தந்தது. பங்குத்தந்தை கைகூப்பிக் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தத் திட்டம் நின்றது.

இப்படிப்பட்டவரை, கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு நல்ல வெல்லம் வாங்கலாம் என்று, தொரப்பள்ளிக்கு அப்பால் இருக்கும் திம்மப்பனின் வெல்ல ஆலைக்கு அழைத்துக்கொண்டு போனார் ஜெபசீலி. அவர் செய்த ஒரே பிழை அதுதான்.

ஆலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கொட்டகை, கரும்பு பிழிகிற மெஷின், சாறு காய்கிற கொப்பரை, கொப்பரைக்கு அடியில் நீளமான மண் அடுப்பு, அவ்வளவுதான். வெளியே களத்தில், பிழிந்து போட்ட சக்கை வெள்ளை வெளேர் என்று பரந்து கிடந்தது. ஒரு நாளைக்கு மூன்று டன் சக்கை விழும் என்றும், சீசன் நூற்றிருபது நாள் என்றும் திம்மப்பன் சொன்னார். ராயப்பன் அங்கேயே போனை எடுத்துக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்குள் நாம் போக வேண்டாம்.

"இவ்வளவும் சும்மாவா கிடக்குது?" என்று ராயப்பன் கேட்டார். குரல் தழுதழுத்தது.

"சும்மா எங்க சார் கெடக்குது? காயுது" என்றார் திம்மப்பன்.

ராயப்பனுக்குத் தேவையான பதில் அந்தக் கடைசிச் சொல்லில் முழுதாக இருந்தது. ஆனால் இந்த இனத்தாரிடம் ஒரு குணம். கேள்வி கேட்டு முடித்ததும் காதை மூடிவிடுவார்கள்.

திம்மப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு மூன்று மொழி. சந்தையில் கன்னடம், வெளியாளிடம் மரியாதைக்குத் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. பழகியவர்கள் அவர் எந்த மொழியில் பேசுகிறார் என்று பார்த்துத்தான் பக்கத்தில் போவார்கள். ராயப்பனிடம் அவர் தமிழில் பேசினார். கம்பெனி சார், கையில் சான்றிதழ் கோப்பு, அதில் பெங்களூரில் வாங்கிய கேடயத்தின் படம். கரண்ட் போகும்போதெல்லாம் நின்றுபோகிற மெஷின் இனி நிற்காது என்று அப்படிப்பட்ட மனிதர் சொன்னால் யார்தான் மாட்டேன் என்பார்கள்?

திட்டம் அழகாக இருந்தது. பெரிய சர்க்கரை ஆலைகளில் சக்கையை எரித்து, நீராவி எடுத்து, மின்சாரம் தயாரித்து, தங்கள் தேவை போக மிச்சத்தை விற்கவும் செய்கிறார்கள். அவர்கள் யானை என்றால் நாம் ஆட்டுக்குட்டி. இருந்தாலும் நான்கு கால் உண்டல்லவா? சக்கையை நறுக்கி, மெஷினில் அழுத்திக் கட்டைகளாக்க வேண்டும். கட்டைகளை ஓர் உலையில் போட்டு வாயு எடுக்க வேண்டும். அந்த வாயுவில் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டர் கரும்பைப் பிழியும். இது போக இன்னொரு சக்கைப் பங்கை டிரம்மில் ஊறவைத்து எத்தனால் எடுத்து, ராயப்பனின் மோட்டார் சைக்கிளை ஓட்டுவதாகவும் இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் திம்மப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கரண்ட்டு ஆகட்டும் சார். டிரம்முல ஊறப்போடற வேலை மட்டும் வேணாம். நம்ம பக்கம் டிரம்முல எது ஊறினாலும் போலீஸ் மோந்துக்கிட்டே வந்துருவாங்க."

ஆக எரிபொருள் தப்பியது. மின்சாரம் மாட்டிக்கொண்டது.

ராயப்பனோடு வேலை பார்த்த பிரதாப், சிப்காட் ஓரமாகச் சொந்தப் பட்டறை வைத்திருந்தார். அவரிடமிருந்து கட்டை அழுத்தும் பழைய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. ஜெனரேட்டரும் ஏறக்குறைய தயார் என்று பிரதாப் சொன்னார். பட்டறைப் பேச்சில் 'ஏறக்குறைய' என்பது ஒரு வாரத்திலிருந்து ஒரு வருடம் வரை நீளக்கூடியது. ஜெனரேட்டர் வருவதற்குள் கட்டைகள் தயாராக இருக்கட்டும் என்று ராயப்பன் முடிவு செய்தார். சும்மா இருக்க முடியுமா?

மெஷினுக்கு ஈரச் சக்கை ஆகவில்லை. உள்ளே தள்ளினால் வெடித்து ஆவியாகத் துப்பியது. காய்ந்த சக்கை வேண்டும். காய்ந்த சக்கை கொட்டகைக்குள் மலைபோல் இருந்தது, ஆறு நாள் அடுப்புக்கு ஆகிற அளவு. அதைச் சேர்த்து வைத்திருந்தவர் முனிராஜ். பதினைந்து வருடமாக அந்த அடுப்பில் சக்கை தள்ளுகிறவர். களத்துச் சக்கையில் ஒரு பிடி எடுத்து முறித்துப் பார்ப்பார். முறிந்தால் அடுப்புக்கு, வளைந்தால் மறுபடி வெயிலுக்கு. ராயப்பன் தன்னுடைய ஈரமானியைக் காட்டி, இனி கையால் முறிப்பது தேவையில்லை என்று அவருக்கு விளக்கினார்.

"இதெல்லாம் எடுத்துட்டா அடுப்புக்கு, சார்?" என்று முனிராஜ் கேட்டார்.

"களத்துல மூணு டன் காயுதே. தினமும் வருதே."

"வெயில் வந்தாத்தானே சார் காயும்."

போனில் வானிலையைப் பார்த்து, பத்து நாளும் வெயில் என்று ராயப்பன் சொன்னார். முனிராஜ் மேலே பார்த்தார்.

நான்கு நாளில் ஆறு நாள் சக்கையும் கட்டையாகிவிட்டது. மின்சார மீட்டர் சுற்றிய சுற்றைப் பார்த்து, கரண்ட் எடுக்கவே இவ்வளவு கரண்ட் பிடிக்குமா என்று திம்மப்பன் விசாரித்தார். ஆரம்பத்தில் அப்படித்தான் என்று பதில் வந்தது. கட்டைகள் கொட்டகையின் ஒரு மூலையில் வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டன. சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு. மேலே ஓர் அட்டை: 'சக்கைக் கட்டை. மின்சாரத்துக்கு மட்டும். தொடாதே.' அதைப் படம் எடுத்து ராயப்பன் 'பிஃபோர்' என்று பெயரிட்டு வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பனி இறங்கியது. ஓசூர்ப் பனி தெரியுமல்லவா? பத்து மணி வரை பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊரும். இந்த முறை அது மூன்று நாள் பகல் முழுக்க விலகவில்லை. களத்துச் சக்கை காய்வதற்குப் பதில் தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் காலையில், முன்பே காய்ந்திருந்த கொஞ்சமும் அடுப்பில் தீர்ந்துவிட்டது.

பெங்களூர் மண்டிக்கு இருநூறு சிப்பம் வெல்லம் தருவதாகத் திம்மப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். நூற்றெண்பது கட்டியாகிவிட்டது. மீதி இருபது, அன்று கொப்பரையில் இருந்த சாறும் அதற்கடுத்துப் பிழியக் காத்திருந்த கரும்பும்தான். மாலையில் லாரி வரும். குறைந்த சுமையோடு அனுப்பினால் அந்த மண்டிக்காரர் அடுத்த வருடம் வேறு ஆலையைத் தேடிப் போய்விடுவார். பிழிந்த சாறு மதியம் வரை காத்திருக்கும். அதற்கு மேல் புளித்துவிடும்.

முனிராஜ் ஒரு பிடி சக்கையை முறித்துப் பார்த்தார். வளைந்தது. இன்னொரு பிடி. அதுவும் வளைந்தது. அடுப்பில் தள்ளினார், கொட்டகை முழுக்கப் புகை சூழ்ந்தது, தீ மட்டும் வரவில்லை.

திம்மப்பன் பேச ஆரம்பித்தார். தெலுங்கில்.

ராயப்பனுக்குத் தெலுங்கு தெரியாது. அன்று எல்லாம் புரிந்தது. இருந்தாலும் கைசன் கற்றவர் பதறலாமா? எந்தக் கோளாறுக்கும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் மூலகாரணம் வெளியே வந்துவிடும் என்பது அவர் பலருக்கு வகுப்பெடுத்த பாடம். புகைக்குள் நின்றபடி கேட்டுப் பார்த்தார். ஏன் தீ பிடிக்கவில்லை? சக்கை ஈரம். ஏன் ஈரச் சக்கையைப் போடுகிறார்கள்? காய்ந்தது இல்லை. ஏன் இல்லை? நான்காவது 'ஏன்' எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு, மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

முனிராஜ் எழுந்தார். நேராக நடந்து மஞ்சள் கோட்டைத் தாண்டினார்.

"முனிராஜ், அது கோடு..." என்றார் ராயப்பன்.

முனிராஜ் ஒரு கை நிறையக் கட்டைகளை அள்ளினார். 'தொடாதே' அட்டையையும் சேர்த்து அள்ளினார். அட்டைதான் முதலில் பிடித்தது. பிறகு கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு எரிந்தன. அரை மணியில் சாறு பொங்கி நுரை தள்ளியது. இருட்டுவதற்குள் இருநூறாவது சிப்பமும் லாரியில் ஏறிவிட்டது. மூலையில் கட்டை அடுக்கு சரிந்து கிடந்தது; ஒழுங்காக மிஞ்சியது மஞ்சள் கோடு மட்டும்.

லாரி கிளம்பியதும் திம்மப்பன் தமிழுக்குத் திரும்பினார். அடுப்பைப் பார்த்தார், கம்பெனி சாரைப் பார்த்தார்.

"மொதல்லயும் இதே சக்கையத்தானே சார் இதே அடுப்புல எரிச்சோம்?"

ராயப்பன் முகத்தில் வெட்கம்போல ஒன்று எட்டிப் பார்த்தது. வந்த வெட்கத்தை வீணாக்கலாமா? அவர் போனை எடுத்து, எரிகிற அடுப்பைப் படம் பிடித்து, 'ஆஃப்டர்' என்று பெயர் வைத்தார். 'கரும்புச் சக்கையிலிருந்து எரிபொருள்: வெல்ல ஆலையில் வெற்றிகரமான சோதனை' என்ற தலைப்போடு அது மூக்கண்டப்பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரதாப் முதல் ஆளாகக் கைதட்டினார்.

பிறகுதான் ராயப்பன் திம்மப்பனுக்குப் பதில் சொன்னார், பொறுமையாக, வகுப்பெடுக்கிற குரலில்:

"எரிச்சீங்க திம்மப்பா, இல்லேங்கல. ஆனா அப்ப அது சும்மா எரிஞ்சுது."

சிரியுங்கள், தடையில்லை. ஆனால் ஒரு சின்ன விஷயம். மேலே ஆலை வாசலில் நிற்கும்போது, ஒரு நாளைக்கு மூன்று டன், நூற்றிருபது நாள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கணக்குக்குள் போக வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம். நீங்கள் போகவில்லையே? முந்நூற்றறுபது என்ற எண் தானாக வந்து மனத்தில் உட்காரவில்லையே? உட்கார்ந்து, 'அவ்வளவுமா?' என்று ஒரு கணம் வயிறு எரியவில்லையே?

எரிந்திருந்தால் கவலைப்படாதீர்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்னும் நிறைய இடம் சும்மாதான் கிடக்கிறது.