சுவரைப் பார்த்து நிற்கும் அண்ணன்

ஐந்து வயது மகள் கைப்பேசியில் தான் போட்ட பூட்டின் எண்ணை அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாமா? மூன்று மாதமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை. இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுக்குள் அனுப்பியவர் சுவர் அண்ணன்.

அடையாற்றின் கைப்பேசிகள் அத்தனையும் கையில் வந்து போயும், ஒருவருடைய ரகசியமும் தெரியாத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய ரிப்பேர் கடை. மற்ற கடைகளில் பூட்டு எண்ணைக் கேட்டு, சீட்டில் எழுதி, கைப்பேசியின் முதுகிலேயே ஒட்டிவைப்பார்கள். இவரோ நாம் திரையைத் தொடும் முன்பே சுவர்ப் பக்கம் திரும்பி, "திரும்பிட்டேன், போடுங்க" என்பார். அவர் நெற்றி பட்டுப் பட்டு, சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்பே இல்லை.

முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. மகள் போட்டு உடைத்த என் கைப்பேசியை நீட்டி, அவர் கேட்கும் முன்பே கடமையாக எண்ணையும் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா மேடம், மைக் செட் வெச்சு சொல்றீங்க? டீக்கடை வரைக்கும் கேட்டுகினு கீது. மாத்திட்டு வாங்க, அப்பதான் தொடுவேன்."

விரிசல் திரையோடு வெயிலில் நின்று மாற்றினேன். டீக்கடையிலிருந்து ஒருவர், கல்யாண நாளை வைக்காதீர்கள் என்று யோசனை சொன்னார். பழைய எண் அதுதான்.

அடுத்த வாரம் மகள் விளையாட்டாகத் தன் குளியல் படத்தை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். நான் அழிப்பதற்குள் செயலாளர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். அண்ணனிடம் ஓடினேன்.

"ஊட்ல எல்லாருக்கும் ஒரே பீரோவா மேடம்?" என்றார். என் கைப்பேசிக்குள்ளேயே மகளுக்குத் தனி ப்ரொஃபைல், அதாவது அவளுக்கென்று ஒரு பக்கம், போடவைத்தார். அதில் வண்ணம் தீட்டும் விளையாட்டும் பாட்டும் மட்டும். படங்களும் குழுக்களும் என் பக்கத்தில், என் பூட்டுக்குள். பூட்டிய திரையின் மேல் என் கணவரின் தொலைபேசி எண் மட்டும் தெரியும். அத்தனையும் என் விரலாலேயே செய்தேன். அவர் சுவரோடு பேசியபடியே சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் பெருங்குடி ஆபீசிலிருந்து வரும்போது கைப்பேசியை ஆட்டோவில் விட்டுவிட்டேன். மகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில். யார் கையில் இருக்கிறதோ என்று அழுதபடி கடைக்குப் போனேன்.

"லாக்கு கீதா?"

"இருக்கு."

"அப்போ டப்பாதான் போச்சு. பாப்பா பத்திரமா கீது."

மாலையில் ஆட்டோக்காரர் திரையில் இருந்த எண்ணுக்கு அழைத்தார். பத்து முறை தேய்த்தும் திறக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

நன்றி சொல்ல மகளோடு போனேன். மைசூர்பாகை வாங்கிக்கொண்டார், பாராட்டை வாங்கவில்லை. "பாப்பா, உன் பக்கத்துக்கு நீயே ஒரு நம்பர் போடு. யாருக்கும் சொல்லாத" என்று திரும்பிக்கொண்டார். மகள் என்னையே பார்த்தாள். நானும் திரும்ப வேண்டியதாயிற்று.

இன்றுவரை அவள் சொல்லவில்லை. 'யாருக்கும்' என்றால் அம்மாவும் சேர்த்தியா என்று அண்ணனிடமே கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கே டவுட்டு மேடம்."

அந்தப் பக்கத்தையே அழிக்க என்னால் முடியும், மனம் வரவில்லை. ஏனென்றால் நான் என் எண்ணைப் போடும்போது, யாரும் சொல்லாமலே அவள் திரும்பி, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் குழந்தையிடம் நான் எண்ணைக் கேட்கலாமா, கூடாதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். சுவர் அண்ணனும் காத்திருக்கிறார்.