விளக்கு சொன்னால் காலி

'குளுக், குளுக்' என்று விக்கியது குழாய். பிறகு சளசளவென்று ஓடி அடங்கியது. டெல்மர் ஹாஸுக்கு அது சங்கீதம். வண்டியின் கழிவைக் குழியில் இறக்குவதில் அவருக்கு ஒரு முறை உண்டு: முதலில் கழிவறைத் தொட்டி, அப்புறம் பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயையும் அலசிவிடும். பத்து வருடமாக வீட்டு வண்டியிலேயே குடியிருப்பவர். கடைசியில் தெளிந்த நீர் வந்த பிறகே வால்வை மூடினார்.

மாலை ஐந்துக்கு ஃபிளாக்ஸ்டாஃபில் மகள் ஜனீனுக்குத் திருமணம். அவள் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்துப் போக வேண்டியவர் இவர். ஐந்து மணி நேரப் பாதை. இப்போதே மணி பத்து.

ஆனால் வீட்டு வண்டிகள் நிற்கும் அந்தப் பாலைவன முகாமில், 'தொட்டி காலி' என்று பச்சைச் சீட்டு இல்லாமல் வெளியே போக வாசல் தடுப்புக் கம்பம் உயராது. சுகாதாரக் குழுச் செயலர் வினிஃப்ரட் வண்டிக்குள் ஏறி, தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் சுவர் விளக்குப் பலகையை நோக்கினாள்.

"முக்கால்னு காட்டுதே, டெல்மர்."

"அது எப்பவும் அப்படித்தான் அம்மணி. உள்ள அளவு காட்டுற கம்பியில காகிதம் ஒட்டியிருக்கும். நீங்களே குனிஞ்சு பாருங்களேன்."

"தொட்டியப் பாக்கச் சொல்லி விதியில இல்ல. விளக்கத்தான் பாக்கணும்."

டெல்மர் முகாம் வழக்கப்படி இரண்டு மூட்டை ஐஸ் கட்டியைக் கழிப்பறைக்குள் கொட்டி, தண்ணீர் விட்டு, வண்டியை ஓட்டி முகாமை எட்டுச் சுற்றுச் சுற்றினார். ஐஸ் உள்ளே உருண்டு தேய்த்துவிடும் என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையசைத்தார்கள். மறுபடி காலி செய்தார். விளக்கு அசையவில்லை.

பக்கத்து வண்டி ஆர்லோ பச்சைச் சீட்டால் விசிறிக்கொண்டே வந்தான். மூன்று வாரமாகத் தொட்டி திறக்காதவன். அவன் வண்டியை நாய்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

"உனக்கு எப்படிடா குடுத்தா?"

"என் விளக்கு செத்துப்போச்சு. எரியலன்னா காலியாம். ஃபியூஸப் புடுங்குய்யா, யோக்கியரே."

மணி பதினொன்றரை. டெல்மர் பிடுங்கினார். இருண்ட பலகையைப் பார்த்து வினிஃப்ரட் பூரித்துப்போனாள்.

"பாத்தீங்களா, ஒழுங்காக் கழுவினா போயிடுது."

கையில் சோப்பு வாசனையோடு, கடைசி நிமிடத்தில், ஃபிளாக்ஸ்டாஃபில் மகளின் கையைப் பிடித்தார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது முகாமில் ஒரு வண்டியிலும் ஃபியூஸ் இல்லை. குழு மெய்சிலிர்த்து அறிவித்தது: நமது முகாமில் கழிவு என்பதே ஒழிந்துவிட்டது. ஆகவே கழிவுக் குழி அநாவசியம். அதைச் சிமெண்டால் மூடி, மேலே யோகா மேடை அமைக்கப்படும். ஆட்சேபிப்பவர்கள் தத்தம் தொட்டியில் இருப்பது என்ன என்று எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் ஆதரவாக உயர்ந்தன. டெல்மரின் கையும்தான்.

மேடை எழும்பிய மறுவாரம், அவர் நாற்பது மைல் ஓட்டிப் பக்கத்து ஊர்க் கழிவுக் குழிக்குப் போனார். வரிசையில் அவருக்கு முன்னால் வினிஃப்ரட்டின் வண்டி.

"சும்மா... இந்தப் பக்கம் காத்து வாங்க வந்தேன்" என்றாள் அவள்.

"நானும் அதுக்குத்தான்" என்றார் டெல்மர்.

அவள் முறை முடிந்ததும், கையுறையை மாட்டிக்கொண்டு குழாயைப் பொருத்தத் தொடங்கினார்.