கத்திரி இலையில் உட்காராத வெள்ளை ஈ

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். வெள்ளை ஈக்கள் எங்களைவிடச் சுகம்.

நிற்க. பூச்சிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்த நீங்கள், எங்கள் பின்பக்கத் தோட்டத்தில் கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய் என்று நாலு வரிசை நட்டுவிட்டு, "மருந்து அடிக்கக் கூடாது மாமா, எந்தச் செடியில எவ்வளவு ஈ இருக்குன்னு காலையில எண்ணிச் சொன்னாப் போதும்"னுட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. போதுமாம். வெயில் ஏறினா பறந்துடும்னு விடிஞ்சதும் மண்டி போட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, இலையைத் திருப்பி அடிப்பக்கம் எண்ணுறேன். பாதியில ஒண்ணு மூக்குக்குள்ள போயிடுது. ஒரு தும்மல், அத்தனையும் காலி, மறுபடி முதல்லேருந்து. பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவருக்கு மேல எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, செடிக்கிட்ட மன்னிப்பு கேக்குறீங்களா"ங்கிறாரு. உங்க அத்தை, "என்னை ஒரு நாளும் இப்படி உத்துப் பார்த்ததில்ல"ங்கிறா.

இவ்வளவும் பட்டு, வெண்டையில மொய்க்குது, தக்காளியில அதுல பாதி, மிளகாயில ஏதோ ஒண்ணு ரெண்டு, கத்திரியில சுத்தமா இல்லைன்னு போன்ல சொன்னா, "கத்திரிதான் மாமா அதுக்கு ரொம்பப் பிடிக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டீங்களா"ன்னு கேக்குறீங்க. இந்தக் கண்ணு ஒரே ஒரு தடவைதான் ஏமாந்துச்சு மாப்பிள்ளை, நீங்க முதல்ல எங்க வீட்டுக்கு வந்தன்னிக்கு.

அப்புறம் ஒரு வழியா நம்பினீங்க. நம்பினதோட விட்டீங்களா? இந்தக் கத்திரி ரகத்துல ஈயே அண்டாது, அடுத்த வாரக் கூட்டத்துல சொல்லி எல்லா விவசாயியையும் இதையே நடச் சொல்லப் போறேன்னு குதிக்கிறீங்க. தாராளமாச் சொல்லுங்க. எண்ணினது மாமனார்னும் சேர்த்துச் சொல்லுங்க. என் எண்ணிக்கையில எவனாவது குத்தம் கண்டுபிடிச்சா மீசையை எடுத்துடுறேன்.

மகளுக்கு என் ஆசி, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உங்களுக்கு என்ன குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
இடுப்பு பிடித்துக்கொண்ட மாமனார்.

பின்குறிப்பு: கூட்டத்துல வாயைத் திறந்துடாதீங்க. இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமா முழிப்பு வந்து தோட்டத்துக்குப் போனா, உங்க அத்தை சோப்புத் தண்ணியும் துணியுமா கத்திரி இலையை ஒவ்வொண்ணாத் துடைச்சுக்கிட்டிருக்கா. நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி தினமும் இதான் வேலையாம். நான் இத்தனை நாளும் அந்த ஈரத்தைப் பனின்னு நெனச்சிருக்கேன். "என்னடி பண்ற"ன்னேன். "மருந்துதானே அடிக்கக் கூடாதுன்னாரு? மாப்பிள்ளைக்குக் கத்திரிக்காய்னா உசுரு, அதைப் போயி ஈக்கு விடுவேனா"ங்கிறா. சரி, மத்த மூணு வரிசை? "அதெல்லாம் நீங்க திங்கிறதுதானே"ங்கிறா. இத்தோட ஒரு பை கத்திரிக்காய் குடுத்தனுப்பியிருக்கா. ஒரு சொத்தை இல்ல. சாப்பிடுங்க, யாருக்கும் காட்டாதீங்க.