திருப்புளியார் தட்டாமல் கார் கிளம்பாது

உலகத்தில் யாரையுமே நம்பாத மனிதர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதென்றால், அதை எங்கள் சிங்காநல்லூர் வீதித் திருப்புளியாருக்குத்தான் கொடுக்கவேண்டும். அவர் காலண்டரைக்கூட நம்பமாட்டார். மார்கழி பிறந்துவிட்டது என்று அது சொன்னால் போதாது. வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பார். எண்ணெய் அசையாமல் நின்றால்தான் அவருக்குக் குளிர்காலம் ஆரம்பம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் மோட்டார் டெஸ்ட் செய்தவர். நீளமான திருப்புளியின், அதாவது ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, பேரிங் சரியாக ஓடுகிறதா என்று கேட்பதுதான் வேலை. ரிட்டயரானபோது கம்பெனியை விட்டார், திருப்புளியை விடவில்லை.

நாங்கள் அந்த வீதிக்குக் குடிவந்த முதல் குளிர்காலம். காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறக்கிறேன், மங்கி குல்லாய் போட்ட ஒருவர், கையில் ஒரு அடித் திருப்புளியோடு என் கார் பானெட்மேல் கவிழ்ந்து கிடக்கிறார். பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

“ஏனுங்க, என்னுங்க பண்றீங்க?” என்றேன்.

“பேசாதீங்க. கேட்டுட்டு இருக்கறனுங்க.”

பானெட்டை மூன்று தட்டுத் தட்டினார். திருப்புளியை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்து, “இந்தக் காரு ஆர்துங்க?” என்றார்.

“என்னுதுதானுங்க.”

“ஆர்.சி. புக்கு இருக்குதுங்களா?”

எனக்கு வந்த கோபத்தில் ஜுரமே வந்திருக்கும். அவர் பாட்டுக்கு அடுத்த காருக்குப் போய்விட்டார். நான் நாலு சக்கரமும் இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்த்தேன். பெட்ரோல் முள்ளையும் பார்த்துவைத்தேன். பனிக்காலத்தில் பூனைகள் கதகதப்புக்காக என்ஜினுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அதற்காகத்தான் தட்டுகிறார் என்று அப்புறம் வீதியில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. அவர் சகவாசம் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள்.

அவர் வீட்டில் ராணி என்று ஒரு கிழட்டு நாய். அவருடைய பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி அதற்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். பனியில் நனைந்திருக்கிறதா என்று மணிக்கொரு தரம் சட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் கழற்றிவிட்டு வேறு கை. அப்படியே வீட்டிலிருந்த எல்லா ஸ்வெட்டரும் கையில்லாமல் போயிற்று. ராணி ஒருநாள் தும்மியது. அதன் வாயை மோந்து பார்த்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுச் சரசக்கா வாசலுக்குப் போனார்.

“அம்மணி, என்ற நாய்க்குப் பனி நேரத்துல தயிர்ச்சோறு வெச்சது நீதான?”

“ஐயோ, இல்லீங்ணா! சத்தியமா இல்லீங்!”

“பொறவு எதுக்கு அதும்பட வாயில தாளிச்ச கடுகு வாசம் அடிக்குது?”

சரசக்கா ஒத்துக்கொண்டார். திருப்புளியார் கால்நடை டாக்டரையும் விடமாட்டார். ஒரே கேள்வியை இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாகக் கேட்பார். பதில் வேறாக இருந்தால், “ஒருத்தருக்குத் தெரியல” என்பார். ஒன்றாக இருந்தால், “பேசி வெச்சுட்டாங்க.”

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் மனைவி மல்லிகா ஒரு பூனை வளர்த்தாள். கறுப்பும் வெள்ளையும் பழுப்பும் கலந்து கிடந்ததால் மிக்சர் என்று பெயர். குழந்தையில்லாத வீட்டில் அது செய்கிற அட்டகாசம் தனி. தை மாதத்தில் ஒரு நாள், சூலூரில் என் மச்சானுடைய புதுவீட்டுக் கிரகப்பிரவேசம். விடியற்காலையில் மார்க்கெட் போய்ப் பூ வாங்கிவந்து காரை வாசலில் நிறுத்தினேன். மல்லிகா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பும்போது பார்த்தால் மிக்சரைக் காணோம்.

“அது கெடைக்காம நான் வரமாட்டனுங்க” என்று மல்லிகா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

எனக்கு யார்மேல் சந்தேகம் என்று சொல்லவும் வேண்டுமா? அந்த மனுஷன் மிக்சருக்கு மத்தி மீன் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். நேராகப் போய், “எங்க பூனையப் புடிச்சு வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டே விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் வெளுத்துப்போனது. “காரை ஸ்டார்ட் பண்ணிப்போட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க. நான் தட்டிப் பாத்துட்டனுங்க.” பச்சைப் பொய்.

“எத்தன தட்டு?”

அவர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து தட்டினார். ஒன்றும் வரவில்லை. திருப்புளியை வைத்துக் கேட்டார். “உள்ளதான் இருக்குதுங்க. உறுமறது கேக்குது.”

“நேரமாச்சுங்க, ஸ்டார்ட் பண்ணுனா அதுவே ஓடிப்போயிரும்” என்று நான் சாவியோடு கதவைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயசுக்காரருக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததோ!

“மொதல்ல சாவியக் குடுங்க.”

பானெட்டைத் திறந்தோம். ஃபேன் பெல்ட்டை ஒட்டி மிக்சர் ஒடுங்கிக் கிடந்தது. மல்லிகா ஆசையாகக் கழுத்தில் கட்டிய ரிப்பன் பெல்ட்டுக்கு அடியில் சிக்கியிருந்தது. தட்டினாலும் அதனால் வரமுடியாது. நான் சாவியைத் திருகியிருந்தால்... இன்றைக்கும் அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவர் திருப்புளி முனையால் ரிப்பனை மெதுவாக நெம்பி எடுத்தார். மிக்சர் வெளியே வந்து அவர் கையையே பிறாண்டியது. மல்லிகா அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“உங்குளுக்கு எப்படிங்க தெரியும்?” என்றேன்.

திருப்புளியைச் சட்டையில் துடைத்தார். “செவலைன்னு ஒரு பூனை எங்கூட்ல இருந்துதுங்க. ஒருக்கா நான் தட்டலீங்க.”

மறுநாள் மைசூர்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். “எதுக்குங்க? என்ன காரியமாகோணும்?” என்றார். ஒரு துண்டை என்னைத் தின்னவைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

போன மார்கழியில் கண் ஆபரேஷனுக்குப் போய், மகள் வீட்டில் இரண்டு வாரம் இருந்தார். அவர் திரும்பிவந்த காலையில் வீதி முழுக்க டொக் டொக் என்று சத்தம். அவரவர் பானெட்டை அவரவர் தட்டிக்கொண்டிருந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீதிமுனையில் நின்று பார்த்தார்.

“தட்டிட்டனுங்க!” என்றேன் பெருமையாக.

“நீங்க தட்டுனத ஆரு பாத்தாங்க?”

பானெட்டைத் திறந்தும் பார்த்திருந்தேன், உள்ளே ஒன்றுமில்லை. ஆபீசுக்கு வேறு நேரமாகிவிட்டது. ஆனாலும் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தடவித் தடவி நடந்துவந்த அந்த மனுஷனின் கையைப் பிடித்து, என் பானெட்மேல் வைத்தேன்.