செவ்வாய்க் காவலனின் இடது தோள்

ஜூலியின் குக்கர் மூன்று நாளாக விசில் அடிக்கவில்லை. கேஸ்கட் இல்லாத குக்கர் எப்படி அடிக்கும்? கேஸ்கட், ஹாலில் நின்றுகொண்டிருந்த செவ்வாய்க் கிரகக் காவலனின் கழுத்தில் இருந்தது.

"அதக் கழட்டிக் குடுங்க. பருப்பு வேகணும்" என்றாள் ஜூலி.

"பசை போட்டு ஒட்டிட்டேனே ஜூலி. இழுத்தா கழுத்தோட வந்துரும்" என்றான் ஜெபர்சன்.

"வரட்டும். யாரு கழுத்தா இருந்தா இன்னா?"

சாயங்காலம் புது கேஸ்கட் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு ஜெபர்சன் வேலைக்குக் கிளம்பினான். ஏற்கெனவே இரண்டு சாயங்காலங்கள் இதே வாக்குறுதியோடு வந்து போயிருந்தன.

அவன் ஒரகடத்தில், கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகத் தரப் பரிசோதகன். தையல் லைனிலிருந்து வரும் ஒவ்வொரு உறையையும் மேஜையில் விரித்து ஸ்கேல் வைத்துப் பார்ப்பான். தையல் நேராக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். கோணினால் சிவப்பு. யோசிக்க வேண்டியிருந்தால் மஞ்சள் அட்டை கட்டித் தனியாக வைப்பான். இந்தப் பழக்கம் அவனோடு பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டையில் இருந்த வாடகை வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் ஜூலி சுட்ட தோசையை நீளத்திலும் அகலத்திலும் அளந்து பார்த்து, வட்டம் சரியில்லை என்று சொன்னான். அன்றைக்கு ராத்திரி அவனுக்கு வட்டமாகவோ சதுரமாகவோ எதுவும் கிடைக்கவில்லை.

'செவ்வாய்க் காவலன்' என்ற படம் எட்டு வருடத்துக்கு முன்னால் வந்து நாலே நாள் ஓடியது. அதில் மூன்று நாள் ஜெபர்சன் தியேட்டரில் இருந்தான். முதல் நாள் கூடப் போனவள் ஜூலி. அப்போது நிச்சயதார்த்தம் மட்டும்தான் முடிந்திருந்தது, அதனால் படம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பொய்க்கு இத்தனை வருடம் கழித்துத் தன் குக்கர் பதில் சொல்லும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வரும் சனிக்கிழமை கம்பெனியில் குடும்ப விழா. ஊழியர்களுக்கு மாறுவேடப் போட்டி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் வேட்டியும் ஒட்டு மீசையுமாகத் தயாராகிக்கொண்டிருக்க, ஜெபர்சன் படத்தில் இருந்த உடையை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அப்படியே செய்வது என்று இறங்கினான்.

ஒரு வரியை நாற்பது தடவை அடித்து எழுதிவிட்டு, கடைசியில் முதலில் எழுதியதையே வைத்துக்கொள்கிற ஆள் நான். ஆகவே ஜெபர்சனைக் கேலி செய்ய எனக்குப் பூரண உரிமை உண்டு.

முதலில் டி.வி.யில் படத்தை நிறுத்தி நிறுத்தி, திரைமேலேயே ஸ்கேலை வைத்து அளந்தான். மார்க்கவசத்துக்கு ஜூலியின் யோகா பாய் போனது. வெட்டி, வளைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து முடித்துப் பார்த்தால், உள்ளே ஜெபர்சனும் இன்னொருவரும் தாராளமாக நிற்கலாம். அளவில் தப்பிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. தப்பு தன் உடம்பில்தான் என்று முடிவுகட்டி, கவசத்துக்கேற்ற மார்பை வளர்க்கத் தினம் நாலு முட்டை சாப்பிட ஆரம்பித்தான். மூன்று வாரம் இது நடந்தது. மார்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வயிறுதான் முன்னேறியது.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே டி.வி.யைப் பார்த்த ஜூலி கேட்டாள்: "இன்னாங்க, செவ்வாய்க் கிரகம் முட்ட மாதிரி கீது?"

ஜெபர்சன் பார்த்தான். கிரகம் முட்டையாகத்தான் இருந்தது. டி.வி. படத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. தோசையில் மூன்று மில்லிமீட்டர் கோணல் கண்டுபிடித்தவன், ஒரு முழுக் கிரகம் நசுங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை.

சரியான அளவில் இரண்டாவது கவசம் செய்தான். அளவு கச்சிதம். ஆனால் நாலு முட்டை வயிறு உள்ளே போனதும் அவனால் உட்கார முடியவில்லை, குனிய முடியவில்லை, சிரித்தால் பின்பக்கம் பட்டை தெறித்தது. அவனுக்கே தன்னைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. பட்டைக்குப் பயந்து அடக்கிக்கொண்டான்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் லைன் சூப்பர்வைசர் பலராமன் அவன் மேஜைக்குச் சண்டைக்கு வந்தார். மேஜையோரம் மஞ்சள் அட்டை கட்டிய ஓர் உறை கிடந்தது. அது செந்தாமரை தைத்தது. வடக்குப்பட்டிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி அவள். அந்த மாதம் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு விழுந்திருந்தது. மூன்றாவதும் சிவப்பானால் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. அவள் நல்ல வேலைக்காரி என்றும், கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு தையல் கடையில் வருடக்கணக்கில் தைத்துப் பழகிய கை என்றும், எப்போதாவது அவசரத்தில் இடப்பக்கம் லேசாக இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான் என்றும் பலராமன் எடுத்துச் சொன்னார்.

கோணல் கோணல்தான், யார் கை என்று ஸ்கேலுக்குத் தெரியாது என்றான் ஜெபர்சன்.

"அப்போ நீ செய்யற வேலையில ஒரு கொறையும் இருக்காதா?"

"இருக்காது."

"வூட்ல ரெண்டு மாசமா இன்னாவோ பண்ணிக்கினு கீறியே, அதுலகூட?"

"அதுலகூட."

இப்படித்தான் பந்தயம் முடிவானது. சனிக்கிழமை எல்லார் முன்னாலும், யாராவது ஒருவர் அந்த உடையில் ஒரே ஒரு குறை காட்டினாலும் செந்தாமரையின் மஞ்சள் அட்டை பச்சையாக வேண்டும், திங்கட்கிழமை ஒரு ஷிஃப்ட் முழுக்க ஜெபர்சன் அந்த உடையிலேயே தன் மேஜை முன்னால் நிற்க வேண்டும். குறை இல்லையென்றால் அட்டை சிவப்பாகும், பலராமன் இனி எந்த ஸ்டிக்கரையும் கேள்வி கேட்கக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் விஷயம் லைன் முழுக்கப் பரவிவிட்டது.

ஜெபர்சன் அவ்வளவு தெம்பாகப் பேசியிருக்கக் கூடாது. ஏனென்றால் உடையில் ஓர் இடம் பாக்கி இருந்தது. கவசத்துக்கு உள்ளே போடும் கறுப்பு ரெக்சின் சட்டையின் இடது தோள். படத்தில் அந்தத் தையல் ஒரு சாண் தூரம் நேராக வந்து, சட்டென்று மூன்று மில்லிமீட்டர் இடப்பக்கம் விலகி, மறுபடி வழிக்கு வரும். வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. ஜெபர்சன் அதை இருநூறு தடவை பார்த்திருந்தான். செவ்வாயில் ஈர்ப்புவிசை குறைவு, அதனால் துணி உடம்பில் நிற்கும் விதமே வேறாக இருக்கும், அதைக் காட்டவே உடை வடிவமைத்த மேதை அந்த வளைவை வைத்திருக்கிறார் என்பது அவன் முடிவு. ஜூலியிடம் இதைச் சொன்னபோது அவள் கேஸ்கட்டை ஞாபகப்படுத்தினாள்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்து டெய்லரிடம் சட்டையைக் கொடுத்து, கோண வேண்டிய இடத்தைச் சாக்பீசால் குறித்துக் காட்டினான். அவர் தலையை ஆட்டிவிட்டு நேராகத் தைத்துக் கொடுத்தார். கேட்டதற்கு, நாலு பேர் பார்த்தால் தன் கடைப் பேர் கெட்டுவிடும் என்றார். ஶ்ரீபெரும்புதூரில் இன்னொருவர் சம்மதித்து, கோணலாகவே தைத்தும் முடித்தார். மறுநாள் வாங்கப் போனால் தையல் நேராக இருந்தது. "மனசு கேக்கல சார், பிரிச்சுத் தச்சிட்டேன்" என்றார் அவர்.

ஜூலியின் மிஷினில் தானே உட்கார்ந்தான். மூன்று ஊசி உடைந்தது. கடைசியில் தையல் கோணியது, ஆனால் வலப்பக்கம். கூடவே சட்டைக் கையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தான்.

வியாழக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. சரியாகத் தைக்கிறவர்களிடம் போனதுதான் தப்பு. நன்றாகத் தப்பு செய்கிற ஆள் வேண்டும். ரிஜெக்ட் ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். இடப்பக்கக் கோணல், மூன்று மில்லிமீட்டர், செந்தாமரை. அடுத்த மாதமும் அதே. அவனுடைய கையெழுத்திலேயே இருந்தது.

டீ நேரத்தில் சட்டையையும் படத்திலிருந்து எடுத்த ஆறு போட்டோக்களையும் தூக்கிக்கொண்டு அவளிடம் போனான். அவள் மற்ற பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவள்.

"வேணும்னே கோணலாத் தைக்கணுமா சார்?"

"ஆமாம்மா. இடது பக்கம், மூணு மில்லி. உன்னாலதான் முடியும்."

பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னான். செந்தாமரை சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கும் மஞ்ச அட்ட கட்டுவீங்களா சார்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெபர்சனுக்குக் காது சுட்டது. அது வேலை, இது கலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று விளக்கினான். அவள் போட்டோக்களை மடித்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை சட்டை வந்தது. போட்டோக்களும் மடித்தது மடித்தபடியே வந்தன. அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஜெபர்சனுக்குக் கோபம் பொங்கியது. ஸ்கேலை எடுத்து வைத்தான். ஒரு சாண் நேர், மூன்று மில்லி விலகல், மறுபடி நேர். படத்தோடு ஒப்பிட்டால் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. கோணல் கையிலேயே ஊறிப்போனவளுக்குப் படம் எதற்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். அவள் வீட்டில் யார் யார் என்று கேட்க நினைத்தான். மஞ்சள் அட்டை ஞாபகம் வந்து கேட்காமல் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை உடையைப் போட்டபிறகுதான், உட்கார முடியாதவனை எந்த வண்டியில் ஏற்றுவது என்ற கேள்வி வந்தது. ஷேர் ஆட்டோ டிரைவர் பார்த்ததும் வண்டியை நகர்த்திவிட்டார். ஜூலி ஒரு மினி லாரி பிடித்தாள். பின்னால் நிற்கவைத்து, விழாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினாள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் வெள்ளி மினுக்க அவன் நின்றபடியே போனான். வழியில் ஒரு அம்மா எந்த மாதா கோயில் திருவிழா என்று விசாரித்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

கேட்டில் செக்யூரிட்டி அடையாள அட்டை கேட்டார். அது கவசத்துக்குள்ளே, சட்டைப் பையில் இருந்தது. ஜூலி கழுத்து வழியாகக் கையை விட்டு, கால்மணி நேரம் தேடி எடுத்தாள். எடுக்கும்போது கேஸ்கட்டை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

மேடையில் பலராமன் சும்மா விடவில்லை. ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்கேல். தலைக்கவசத்தின் உச்சியிலிருந்து பூட்ஸ் வார்வரை ஒவ்வொன்றாக அளந்தார். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தவர்கள் பிரியாணி ஆறுவதைக்கூட மறந்து பார்த்தார்கள். இடது தோளுக்கு வந்ததும் பலராமன் முகம் மலர்ந்தது.

"மாட்டிக்கினான். தையல் கோணிக்கினு கீது பாருங்க."

"படத்தைப் பாருங்க" என்றான் ஜெபர்சன்.

பலராமன் போனைப் பெரிதாக்கிப் பார்த்தார். படத்திலும் கோணியிருந்தது. இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தோற்ற மனிதராக ஸ்கேலைப் பையில் வைத்தார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள்.

அதோடு இறங்கியிருக்கலாம். ஜெபர்சன் மைக்கை வாங்கினான். ஈர்ப்புவிசையைப் பற்றிப் பேசினான். அந்த மூன்று மில்லிமீட்டருக்குப் பின்னால் ஒரு மேதையின் பல நாள் யோசனை இருக்கிறது என்றான். அந்த மேதை யாரென்று தெரிந்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன் என்றான். கடைசியாக, இந்தக் கூட்டத்தில் யாருக்காவது ஒரு குறை தெரிந்தால் மேடைக்கு வந்து காட்டலாம் என்று சவாலும் விட்டான்.

பிறகு செந்தாமரை எழுந்து வந்தாள். ஜெபர்சன் பெருந்தன்மையோடு தன் ஸ்கேலையே அவளிடம் நீட்டினான். அவள் அதைத் தோளில் வைத்து எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தாள்.

"மூணு மில்லி. படத்துலயும் அதேதான் செந்தாமரை" என்றான் ஜெபர்சன், மைக்கில்.

அவள் மைக்கைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டாள்.

"படத்துக்குத் தச்சதும் நான்தான் சார். அன்னிக்கி கரண்ட் வந்து வந்து போச்சு, துணி இழுத்துக்கிச்சு, பிரிச்சுத் தைக்க நேரமில்லன்னு அப்படியே எடுத்துக்கினு போயிட்டாங்க. நீங்க மட்டும் அங்க இருந்திருந்தா செவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பீங்க."