பரங்கிக்காய் மசியலும் பதினோராம் விதியும்

"விருந்தினருக்குப் பரிமாறும் பண்டத்தில் சமையல்காரர் எந்த மாற்றமும் செய்தல் ஆகாது, செய்ய வேண்டின் மேலிடத்தின் எழுத்துமூல அனுமதியை முன்னதாகப் பெறுதல் வேண்டும்." செம்மேட்டில் நான் குமாஸ்தாவாக இருந்த பயணியர் பங்களாவின் விதிகளில் இது பதினோராவது. விதிகளை மீறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரே விதியை வாரம் தவறாமல் மீறி, அதற்கு விருந்தினரிடம் நன்றியும் வாங்கிக்கொண்டவர் கொல்லிமலை முழுவதிலும் ஒருவர்தான்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் மசியல்காரர்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. அதிகாரிகள் அடிவாரத்திலிருந்து டோலியில் ஏறி வருவார்கள். அதாவது, அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நான்கு மலைக்காரர்கள் ஏறி வருவார்கள். துரை வந்து இறங்கியதும் நாங்கள் முன்பக்கம் சலாம் வைப்போம். மசியல்காரர் பின்பக்கம் போய் டோலிக்காரர்களின் தோள்களைப் பார்ப்பார். தோள் சிவந்திருந்தால் அன்று பரங்கிக்காய்.

துரைமார்கள் விரும்பிக் கேட்பது ஷெப்பர்ட்ஸ் பை. கொத்துக்கறியை வதக்கி அடியில் பரப்பி, வெண்ணெய் குழைத்த உருளைக்கிழங்கு மசியலால் மூடி, மூடிமேல் தணல் போட்டுச் சிவக்க விடுவது. மசியல்காரர் கறியைப் பாதியாக்கி, மீதிக்கு அவரைக்கொட்டை சேர்ப்பார். உருளைக்கிழங்குக்குப் பதில் பரங்கிக்காயும் சுரைக்காயும். வெந்த காயைத் துணியில் மூட்டை கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கடைசிச் சொட்டு விழும்வரை கவர்னரே கூப்பிட்டாலும் எழமாட்டார். பிறகு மிளகு, ஒரு கரண்டி நெய், இறுகுவதற்குக் கைப்பிடி சாமைச்சோறு போட்டு மசிப்பார். வெண்ணெய் டப்பாவுக்குப் பூட்டு. சாப்பிட்ட துரைசானிகள் செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

வினை ஒரு மேலதிகாரியின் உருவில் வந்தது. பெரிய உருவம், அவரைத் தூக்க ஆறு பேர். ஷெப்பர்ட்ஸ் பையில் கரண்டியை விட்டவர், மஞ்சளாக ஏதோ வரவும் என்னை அழைத்தார். பதினோராம் விதி அவருக்கு மனப்பாடம். அனுமதிக் கடிதம் எங்கே, இல்லையென்றால் இந்தச் சமையல்காரனுக்கு இன்றோடு வேலை இல்லை என்றார். அந்த வேலை போனால் மசியல்காரருக்கு மிஞ்சுவது மலையின் எடப்புளி நாட்டுப் பகுதியில் பாறைமேல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டுச் சாமைக்காடு. அதை நம்பி ஐந்து பிள்ளைகள்.

குசினிக்குப் போய், உருளைக்கிழங்குக்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"தின்னா துரை கனத்துப் போவாருங்க. நாளைக்கு அவரை எறக்கறது யாருங்க சாமி? டோலியோட முன்தண்டு எம்மச்சான் தோள்ல இருக்குது."

"ஒரு வேளைச் சாப்பாட்டில் ஆள் கனக்குமா?"

"போன தபா கெழங்கு தின்னுபோட்டு எறங்குனாருங்க. பாதி வழியில ஆறு பேரும் உக்காந்துட்டாங்க. நீங்க ஒரு நாளைக்கு முன்தண்டைப் புடிச்சுப் பாருங்க, அப்பறம் வெண்ணெயப் பத்திப் பேசலாம்."

முன்தண்டு பிடிக்கும் விருப்பம் எனக்கு இல்லாததால் வாதத்தை அங்கேயே முடித்துக்கொண்டேன். துரையிடம் போய், 'தங்கள் வயிற்றின் நலம் கருதி' என்று மொழிபெயர்த்தேன். கூடவே பதினான்காம் விதியையும் வாசித்தேன்: அனுமதி கோரிக் கடிதம் எழுதப்பட்டிருப்பின், பதில் வரும்வரை உள்ள வழக்கமே தொடரலாம். அவர் கண்ணெதிரிலேயே கடிதத்தை எழுதி உறையிலிட்டேன். விதியை மதிக்கும் மனிதர், வாயை மூடிக்கொண்டார். மூடுவதற்குள் தட்டு காலியாகியிருந்தது.

மேலிடம் யோசிக்கத் தொடங்கியது. பரங்கி காயா, கிழங்கா என்று கேட்டது. காய் என்றேன். அப்படியானால் பண்டத்தின் பெயர் மாறுமா என்று கேட்டது. மாறாது என்றேன். மாதிரியை மூன்று படிகளில் அனுப்பச் சொன்னது. மூன்று ஷெப்பர்ட்ஸ் பை செய்து டோலிக்காரர்களிடம் கொடுத்தனுப்பினோம். வெறும் பாத்திரங்கள் திரும்பி வந்தன.

"மூணுமே நல்லா இருந்துதுங்க. நடுவுல இருந்ததுல மட்டும் மொளகு ஒரு சிட்டிகை தூக்கல்," என்றான் முன்தண்டு பிடிக்கும் மச்சான்.

'மாதிரிகள் வழியிலேயே தகுதியானவர்களால் பரிசோதிக்கப்பட்டன' என்று எழுதிப் போட்டேன். மேலிடம் மீண்டும் யோசித்தது. அதுவரை துரைமார்கள் பரங்கிக்காய் தின்று லேசாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் உத்தரவு வந்தேவிட்டது. அனுமதி மறுக்கப்படுகிறது, மேற்படி சமையல்காரரை உடனே வேலையிலிருந்து நீக்குக. அவர் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மசியல்காரர் குசினி வாசலுக்கு வந்து கையைத் துடைத்தார்.

"ஏனுங்க, பதில் வந்துருச்சுங்களா?"

"இல்லை," என்றேன்.

"மெதுவா வரட்டுமுங்க. மலை ஏறோணுமில்ல," என்று உள்ளே போனார்.

நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு தபாலைக்கூட ஒரு நாள் தாமதித்துப் பதிந்ததில்லை. அந்த ஒன்றைத் தவிர. தபால் பதிவேட்டை இன்று யார் புரட்டினாலும் பார்க்கலாம்: அந்தப் பதில் செம்மேட்டுக்கு வந்து சேர்ந்த தேதி, மசியல்காரர் ஓய்வு பெற்றதற்கு மறுநாள்.